அம்மப்பாவின் கல்வெட்டு: போருக்குப் போய்வந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரைப் பற்றி எங்கே தேடுவது?

வன்னிப்பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மப்பா 1918 இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரனின் படையில் இருந்தவர். திரும்பி வந்து நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சின்ன வேலையில் சேர்ந்து, வேலை பார்த்தபடியே படித்துப் பொறியியலாளராகி, வன்னியில் குளம் குளமாக அலைந்து, 1963 இல் ஓய்வெடுத்துக் கிளிநொச்சியில் காணி வாங்கிக் குடியிருந்தார். 1996 இல் கிளிநொச்சி முழுக்க எழும்பி ஓடியபோது அவரும் ஓடினார். அடுத்த வருடம் மல்லாவியில் ஒரு கொட்டிலில் காலமானார். 31ஆம் நாளுக்கு எல்லோருக்கும் அடிப்பது போல ஒரு கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்க அப்போது கடதாசியும் இல்லை, அச்சகமும் இல்லை, காசும் இல்லை. தேவாரம் பாடி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம். அம்மாவுக்கு அது இன்றுவரை ஒரு குறை. அவவுக்கு இப்போது 74 வயது. அவ கண்ணோடு ஒரு கல்வெட்டு அடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன், 16 பக்கம் போதும்.

பிரச்சினை என்னவென்றால் எழுத விஷயம் இல்லை. வவுனியாவில் சின்னம்மா வீட்டில் 1995 இல் கொடுத்துவைத்த ட்ரங்குப் பெட்டி ஒன்று தப்பியிருக்கிறது. அதற்குள் இருப்பவை: பித்தளையில் நில மட்டம் பார்க்கிற ஒரு லெவல் கருவி, கறுப்புப் பூச்சு உரிந்து, பக்கவாட்டில் அம்புக்குறி போல ஒரு முத்திரை. அந்த அளவுகளை எழுதிவைக்கிற ஏழு லெவல் புத்தகங்கள். ஆறு முனை நட்சத்திரம் போல ஒரு பதக்கம், நாடா மங்கிப்போய்க் கிடக்கிறது. அதோடு 8 என்ற இலக்க வடிவில் நகத்தளவு ஒரு உலோகத் துண்டு, அது என்னவென்றே தெரியவில்லை. அம்மா சொல்வது அவர் பர்மாவில் சண்டை பிடித்தார் என்று. பதக்கத்தில் அவருடைய பெயர் எங்கேயும் இல்லை, அதனால் அது அவருடையதுதானா என்றே மாமா சந்தேகப்படுகிறார்.

ஒரு கந்தோருக்கு இரண்டு தரம் போனேன். முதல் தரம் 'அந்தக் காலத்துக் கோவை எல்லாம் சண்டையோடு போய்விட்டது பிள்ளை' என்றார்கள். இரண்டாம் தரம் கதிரையில் வேறு ஆள், திரும்ப முதலில் இருந்து கதை சொல்லி, அதே பதிலை வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு எங்கே தேடலாம்? யாராவது இப்படித் தேடியிருக்கிறீர்களா?

---

பனிக்காட்டான் எழுதியது:

தங்கச்சி, முதலில் மாமாவின் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். அந்தப் போருக்குப் பிரித்தானியா கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் வெட்டிக் கொடுக்கவில்லை. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் தங்கள் ஆட்களுக்குப் பெயர் வெட்டிக் கொடுத்தன. ஆகவே பெயர் இல்லாததை வைத்து அது வேறு ஒருவருடையது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, நட்சத்திரத்தின் நடுவில் கிரீடமும் அரசரின் எழுத்துகளும் இருக்கும், அதைச் சுற்றி ஒரு வட்டம், அந்த வட்டத்தில் எந்தக் களத்துக்கான பதக்கம் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். உலர்ந்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். தயவுசெய்து புளி போட்டு விளக்கவேண்டாம், பிராசோவும் வேண்டாம். பர்மா என்றால் நாடா கருநீலம், நடுவில் அகலமாகச் சிவப்பு, இரண்டு நீலத்துக்கும் நடுவே ஒல்லியாகச் செம்மஞ்சள் கோடு. மங்கியிருந்தாலும் மடிப்புக்குள்ளே நிறம் மிஞ்சியிருக்கும், விரித்துப் பாருங்கள்.

அந்த 8 பற்றி எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. நீங்கள் வட்டத்தைப் படித்துச் சொன்னபிறகு சொல்கிறேன்.

---

சும்மா_ஒருவன் எழுதியது:

வெள்ளைக்காரனுக்குச் சுமை தூக்கினவரைப் 'போர்வீரர்' என்று கல்வெட்டில் போடப்போகிறீர்களா? இங்கே எத்தனையோ பேருக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை.

---

வன்னிப்பேத்தி எழுதியது:

@சும்மா_ஒருவன் அந்தச் சொல்லில் எனக்கும் தயக்கம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. இங்கே 'முன்னாள்' என்று வாய் திறந்தாலே அடுத்த சொல் என்னவென்று ஆட்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். என் சொந்த அண்ணன் அந்தச் சொல்லோடு எத்தனை இடத்தில் கையெழுத்து வைத்தான் என்று எனக்குத் தெரியும். அம்மப்பாவுக்கு 'உலகப் போரில் பணியாற்றியவர்' என்று போடலாம் என்று இருக்கிறேன். பெயர்ப்பலகை இல்லாதவர்கள் பற்றி நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் அதற்காக இவருக்கும் இல்லாமல் விடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

@பனிக்காட்டான் அண்ணை, துடைத்துப் பார்த்தேன். பர்மா இல்லை! ஆப்பிரிக்கா ஸ்டார் என்று இருக்கிறது. நாடா மடிப்புக்குள்ளே மணல் நிறம், நடுவில் சிவப்பு, ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலம். அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்பா பர்மா எண்டு சொன்னவரோ, நாங்கள்தான் பர்மா எண்டு நினைச்சமோ தெரியேல்லை' என்றா.

---

பனிக்காட்டான் எழுதியது:

நினைத்தேன். அந்த 8 நாடாவில் குத்துகிற துண்டு. பிரித்தானிய எட்டாவது படையோடு 1942 ஒக்டோபர் 23க்கும் 1943 மே 12க்கும் இடையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. ஒக்டோபர் 23 என்பது எல் அலமெயின் சண்டை தொடங்கிய நாள், மே 12 வட ஆப்பிரிக்காவில் போர் ஓய்ந்த நேரம். ஆகவே உங்கள் அம்மப்பா எகிப்து, லிபியாப் பக்கம் நின்றிருக்கிறார்.

இலங்கையில் இருந்து போன பயனியர் படைப்பிரிவினர் எட்டாவது படையோடு வட ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். இது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. போர் என்றால் 1942 ஏப்பிரலில் யப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டதும் பர்மாவும்தான் நினைவில் நின்றுவிட்டன. கேட்பவர்களுக்கு விளங்கட்டும் என்று அவரே பர்மா என்று விட்டிருக்கவும்கூடும், என் மாமனாரும் கனடாவில் எந்த ஊர் என்று கேட்டால் ரொறன்ரோ என்றுதான் சொல்வார், இருப்பது இரண்டு மணித்தியால ஓட்டத்தில். பயனியர் வேலை என்றால் றோட்டுப் போடுவது, கப்பலில் வந்த சாமான் இறக்குவது, தண்டவாளம், தண்ணீர்க் குழாய், கிடங்கு வெட்டுவது. @சும்மா_ஒருவன் சொன்ன 'சுமை தூக்கினவர்' பொய் இல்லை. ஆனால் தூக்கிய இடத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

லெவலில் இருக்கிற அம்புக்குறி பிரித்தானியப் போர்த் திணைக்களத்தின் சொத்து அடையாளம். அந்த முத்திரையோடு போருக்குப் பிறகு வெளியே வந்த கருவிகள் எத்தனையோ. அவர் தூக்கிக்கொண்டு வந்தார் என்று கல்வெட்டில் எழுதிவிடாதீர்கள் 🙂 பெரும்பாலும் பின்னர் வாங்கியதாக இருக்கும்.

தேடவேண்டிய இடங்கள்: பெட்டியின் அடியில், துணிக்கு உள்ளே, லெவல் புத்தக அட்டைக்குள் எல்லாம் பாருங்கள், அரக்கு நிறத்தில் சட்டைப் பைக்குள் அடங்குகிற சம்பளப் புத்தகம் ஏ.பி. 64 கிடைத்தால் அதில் படை இலக்கம் இருக்கும். அந்த இலக்கம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த தரைப்படைக் கோவைகளை 2022 முதல் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எழுதிக் கேளுங்கள். இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், 1997 மல்லாவிச் சாவுக்கு அது எடுத்தீர்களா என்பதையும் பாருங்கள்.

அரசாங்க வேலைக்கு, கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் சிவில் லிஸ்ட் என்ற வருடாந்தப் புத்தகம் இருக்கும். பிறந்த திகதி, முதல் நியமனம், பதவி உயர்வு, எல்லாம் ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும் ஒரு வரியில். அவர் 1963 இல் 45 வயதில் ஓய்வு என்று சொல்கிறீர்கள், அது இளவயது. 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு சிங்களச் சோதனை எழுத மனமில்லாமல் முன்கூட்டியே வெளியேறிய தமிழ் உத்தியோகத்தர் பலர். அதுதான் காரணமா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

---

வன்னிப்பேத்தி எழுதியது:

கேட்டேன். 'குளத்து மட்டத்துக்கு என்ன பாஷை' என்று சொல்லிவிட்டுக் கடிதம் கொடுத்தாராம். அம்மாவுக்கு அப்போது 11, 12 வயது, ஆனால் அந்த வசனம் நினைவிருக்கிறது.

---

பழைய ஓவசியர் எழுதியது:

பிள்ளை, நான் திணைக்களத்தில் 34 வருடம் இருந்தவன். கல்கமுவையில் பயிற்சி, பிறகு முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு. உங்கள் அம்மப்பாவை நான் கண்டதில்லை, எங்களுக்கு முந்தின தலைமுறை. பதக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், ஏழு லெவல் புத்தகத்தை ஒருவரும் திறக்கவில்லையே! ஆளுடைய சரித்திரம் அதற்குள்தான் இருக்கும்.

எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். இடது பக்கம் பின்நோக்கு, இடைநோக்கு, முன்நோக்கு என்று மூன்று நிரல், கருவியால் அளவுகோலைப் பார்த்த முதல், நடு, கடைசி வாசிப்புகள். பிறகு ஏற்றம், இறக்கம். பிறகு அந்த இடத்தின் மட்டம். கடைசியில் குறிப்பு என்று அகலமாக ஒரு நிரல். தொடக்கத்தில் தெரிந்த மட்டம் ஒன்றில் கோலைப் பிடிப்பார்கள், அதை 100 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்நோக்கு 4.32. அடுத்த இடத்தில் 6.10, கோலில் இலக்கம் கூடினால் நிலம் பதிவு, ஆகவே 1.78 இறக்கம், மட்டம் 98.22. அதற்கடுத்து முன்நோக்கு 3.05, 6.10இல் அதைக் கழித்தால் ஏற்றமும் 3.05, மட்டம் 101.27. இப்போது பக்கத்தின் அடியில் கூட்டிப் பார்க்கவேண்டும்: பின்நோக்கில் முன்நோக்கைக் கழித்தால் 1.27, ஏற்றத்தில் இறக்கத்தைக் கழித்தால் 1.27, கடைசி மட்டத்தில் முதல் மட்டத்தைக் கழித்தாலும் 1.27. மூன்றும் ஒன்றாக வந்தால்தான் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை, அதற்குப் பிறகுதான் பொறியியலாளர் கையெழுத்து வைப்பார். எங்கள் காலத்தில் சில பேர் பின்னேரம் ரெஸ்ட் ஹவுசில் இருந்து மூன்றையும் 'சரிவர வைப்பார்கள்'. அதை எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், ஒரே பேனை, ஒரே அமுக்கம், வியர்வைக் கறை இல்லை. வெயிலில் எழுதின பக்கம் அப்படி இராது.

ஆனால் நீங்கள் படிக்கவேண்டியது குறிப்பு நிரலை. எந்த மரத்து வேரில் ஆணி அடித்தார், எந்தத் துருசுக் (குளத்து மதகு) கல்லில் உளியால் குறி வெட்டினார், யாருக்குக் காய்ச்சல், எப்போது மழை, எல்லாம் அதில்தான் வரும். திகதியையும் குளத்தின் பெயரையும் வரிசையாக எடுத்து எழுதினால் ஆள் எந்த வருடம் எங்கே நின்றார் என்று வந்துவிடும், ஒரு கந்தோருக்கும் போகத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துக்கு ஆறு என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் போட்ட திட்டம் ஒன்று உண்டு. கனகராயன் ஆற்றுத் தண்ணீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் மறித்து நன்னீராக்கி, முள்ளியானில் வாய்க்கால் வெட்டி வடமராட்சிப் பக்கம் விடுவது. 1960களில் வேலை நடந்து வாய்க்கால் முடியாமலே நின்றது. உங்கள் புத்தகத்தில் முள்ளியான், சுண்டிக்குளம் என்று பெயர் வந்தால் அதை எனக்குக் கட்டாயம் சொல்லுங்கள், அது என் சொந்த ஆசை.

---

வன்னிப்பேத்தி எழுதியது:

ஐயா, இரண்டு இரவாக உட்கார்ந்து படித்தேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முள்ளியான் வரவில்லை, மன்னியுங்கள். முதல் புத்தகம் 1949. எழுத்து ஆங்கிலம், சின்னச் சின்னதாக, அழகாக. 'பெரிய பாலை, தென்புற வேர், ஆணி.' 'வீரை மரம், கரடி கீறிய அடையாளம்.' 'கோல்காரனுக்குக் காய்ச்சல், அரை நாள்.' ஒரு இடத்தில் 'மூன்றும் சேரவில்லை, நாளை திரும்ப' என்று எழுதி, அடுத்த நாள் அதே பாதையை முழுக்கத் திரும்ப எடுத்திருக்கிறார்.

ஐந்தாவது புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி. 1957 டிசம்பர், திகதி ஈரத்தில் கரைந்துவிட்டது. ஒரு சின்னக் குளம், மாங்குளம்–ஒட்டுசுட்டான் றோட்டில் இருந்து உள்ளே. பெயரை இங்கே போடவில்லை. நிரல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இப்படி இருக்கிறது:

இரவு 8: 1.9
9: 1.7
10: 1.5
11: 1.3
12: 1.1
12.40

12.40க்கு நேரே இலக்கம் இல்லை. குறிப்பு நிரலில் தமிழில் ஒரே சொல், 'வெட்டினோம்'. ஏழு புத்தகத்திலும் தமிழில் எழுதியிருப்பது அந்த ஒரு சொல்தான். என்ன வெட்டினார்கள்? மரமா?

---

பழைய ஓவசியர் எழுதியது:

மரம் இல்லைப் பிள்ளை. குளக்கட்டு.

1957 டிசம்பர் வெள்ளம் பெருவெள்ளம், வரண்ட பிரதேசத்தில் எத்தனையோ குளங்கள் உடைப்பெடுத்தன. நான் அப்போது சிறுவன், எங்கள் வீட்டு முற்றத்தில் மீன் பிடித்தோம். அந்த இலக்கங்கள் தண்ணீருக்கும் கட்டின் தலைக்கும் நடுவில் மிஞ்சியிருந்த உயரம், அடிக்கணக்கில். மணிக்கு 0.2 அடி ஏறியிருக்கிறது. வான் (மிஞ்சின தண்ணீர் வழிகிற இடம்) பாய்ந்தும் ஏறியிருக்கிறது, அதாவது வரத்துக்கு வான் போதவில்லை. நள்ளிரவில் 1.1 மிச்சம் என்றால் இன்னும் ஐந்தரை மணித்தியாலம், விடியப்புறம் ஐந்தரைக்குத் தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிந்திருக்கும். மண் கட்டு அதைத் தாங்காது. வழிகிற தண்ணீர் பின்பக்க மண்ணை அரித்து அரித்து வெட்டும். வழக்கமாக உடைவது கட்டு ஆக உயரமான இடத்தில், அதாவது பழைய ஆறு ஓடிய பள்ளத்தில், அங்கேதான் துருசும் இருக்கும், அதற்குக் கீழேதான் சனமும் இருக்கும். உடைந்தால் குளத்தில் உள்ள அவ்வளவு தண்ணீரும் ஒரே பாய்ச்சலில் வரும்.

அதனால் வேறு வழியில்லாத நேரத்தில் கட்டின் கடைசியில், உயரம் குறைந்த கரையில், கெட்டி நிலம் பார்த்து வெட்டிவிடுவது. தண்ணீர் அந்தப் பக்கம் ஆழமில்லாமல் மெதுவாக இறங்கும். சொல்வதற்குச் சுலபம். பொறியியலாளர் தன் கையால் குளத்தை வெட்டினார் என்றால் விசாரணை வரும், கமக்காரர் மண்வெட்டியோடு வருவார்கள். கொழும்புக்குத் தந்தி அடித்துப் பதில் எடுக்க அந்த மழையில் எங்கே நேரம்? நான் 34 வருடத்தில் ஒரு தரம்கூட அந்த உத்தரவைக் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டி வரக்கூடாது என்று ஒவ்வொரு மார்கழியும் நேர்த்தி வைத்தவன்.

---

ஒட்டுசுட்டான்_பெடியன் எழுதியது:

அக்கா, இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் பெயர் போடாவிட்டாலும் அது எந்தக் குளம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் உங்கள் அம்மப்பாவைக் 'கட்டு வெட்டின எஞ்சினியர்' என்றுதான் சொல்வார்கள். நல்ல அர்த்தத்தில் இல்லை.

அவர் வெட்டிய கரைக்குக் கீழே எங்கள் அப்பப்பாவின் வயல். காலபோகம், பயிர் முழங்கால் உயரம். விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால் வயல் இருந்த இடத்தில் வெள்ளை மணல், ஒரு ஆள் உயரத்துக்குக் கிடங்கு. அந்தக் கிடங்கு இன்றும் இருக்கிறது, எருமை படுக்கும். நட்டஈடு என்று யாரோ வந்து எழுதிக்கொண்டு போனார்கள், ஒன்றும் வரவில்லை. அப்பப்பா சாகும்வரை துருசடிப் பக்கத்து ஆட்களோடு நல்லது கெட்டதுக்குப் போகவில்லை. எங்கள் வயலை வெட்டி அவர்களைக் காப்பாற்றினார்கள் என்று. இரவு எட்டு மணியில் இருந்து ஒரு ஆள் மழைக்குள் நின்று அடி அளந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது, கந்தோர்க் குடை பிடித்துக்கொண்டு வந்து வெட்டச் சொல்லிவிட்டுப் போனார் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம்.

அதற்காக நடந்தது சரி என்று சொல்ல வரவில்லை. பெரியப்பா இருக்கிறார், அந்த இரவு அவருக்கு 9 வயது. நான் உங்கள் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இலக்கங்களைத் திரும்ப ஒரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டது ஒன்றுதான்: '12.40க்குப் பிறகு ஏன் அளக்கேல்லை?'

---

வன்னிப்பேத்தி எழுதியது:

தம்பி, எழுதினதுக்கு நன்றி. எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. 12.40க்குப் பிறகு அந்தப் பக்கம் வெறுமை. அடுத்த பக்கத்தில் 1958 பெப்ரவரி, வேறு குளம்.

கல்வெட்டில் இதைப் போடுகிறேன். எட்டு மணியில் இருந்து உள்ள இலக்கங்களும், கீழே உங்கள் அப்பப்பாவின் வயலும், நட்டஈடு வராததும். மாமா 'செத்தவருடைய கல்வெட்டில் யாராவது இப்படிப் போடுவார்களா' என்று சத்தம் போடுகிறார், போடட்டும். நீங்கள் சம்மதித்தால் மட்டும்.

---

ஒட்டுசுட்டான்_பெடியன் எழுதியது:

பெரியப்பாவிடம் கேட்டேன். போடச் சொன்னார். 'உடைந்தது' என்று எழுதவேண்டாமாம், 'வெட்டினார்' என்றே எழுதட்டுமாம். இந்தப் பக்கத்து ஆவணங்களில் எல்லாம் உடைந்தது என்றுதான் இருக்கிறதாம், அதுதான் அவருடைய கோபம்.

---

பழைய ஓவசியர் எழுதியது:

தம்பி, அந்தக் கிடங்கு இன்னும் இருக்கிறதென்றால் நான் ஒரு தரம் பார்க்கவேண்டும். பிள்ளை, அந்த லெவலையும் கொண்டுவந்தால் குமிழி வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். கோல் என்னிடம் இருக்கிறது, 14 அடி, அடிக்கணக்குத்தான். புத்தகத்தில் அந்தக் குளத்துக்குத் துருசுக் கல்லில் குறி வெட்டியதாக ஏதாவது பக்கம் இருக்கிறதா என்று தேடி வையுங்கள். கல் இருந்தால் குறியும் இருக்கும்.

---

வன்னிப்பேத்தி எழுதியது:

இருக்கிறது ஐயா! மூன்றாவது புத்தகம், 1953. 'துருசு, இடது சிறகுச் சுவர், உளிக்குறி, 100.00.' தம்பி, வருகிற ஞாயிறு நானும் அம்மாவும் ஐயாவும் வரலாமா? பெரியப்பாவுக்கு என்ன கொண்டுவரலாம்?

---

ஒட்டுசுட்டான்_பெடியன் எழுதியது:

வாங்கோ. ஒன்பது மணிக்கு முன்னமே வந்தால் நல்லது, பிறகு வெயில். ஒன்றும் கொண்டுவர வேண்டாம், அவருக்குச் சீனி வருத்தம். காது மந்தம், சத்தமாகக் கதைக்கவேண்டும். லெவலைக் கட்டாயம் கொண்டுவாங்கோ, அதைப் பற்றித்தான் காலையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.